எடுப்பின் இருபத்து மூன்று அம்சங்கள்

வருங்காலச் சந்ததிகள் கல்லில் பொறித்துவைக்க வேண்டிய ஓர் அறிவிப்பைக் காயாரோகணம் பந்தலில் நின்று வாசித்துக்கொண்டிருந்தார்.

“அம்சம் பதிமூணு: பதினொன்னரைக்கு வாய்க்கரிசி. அம்சம் பதினாலு: பதினொன்னு நாப்பதுக்கு என் மகன் ராஜராஜன் கொள்ளிச்சட்டி ஏந்த, எடுப்பு. இன்னிக்கிப் புதன், பன்னெண்டுக்கு ராகுகாலம். ஒரு நிமிஷம் தாண்டக் கூடாது.”

கம்ப்யூட்டரில் அடித்துப் பன்னிரண்டு நகல் எடுத்திருந்தார். பிணத்துக்கு மட்டும்தான் தரவில்லை.

சந்திரலேகா தம்பியின் தலைமாட்டில் உட்கார்ந்து பெரியப்பா காயாரோகணத்தின் தாளைப் படித்தாள். அவளும் இப்படித்தான் எழுதுவாள். ஞாயிற்றுக்கிழமைகளில் இந்த வீட்டு மாடியில் பகடைக் கதை ஆடுவார்கள். ஒருவர் கதையை நடத்த வேண்டும். மற்றவர்கள் அதற்குள் ஆளுக்கொரு வேடம். செல்போன் கடை சுஹைப் திருடன். நெல் அறுப்பு மிஷின் ஓட்டும் முருகையன் மந்திரவாதி. ஒரு வாரம் அக்கா நடத்துவாள், நாற்பது பக்க நோட்டோடு. மறுவாரம் தம்பி வசந்தகுமார், வெறுங்கையோடு. “இப்ப என்ன பண்றீங்க? சொல்லுங்க” என்று கேட்பான். அவர்கள் சொல்வதிலிருந்து அடுத்ததைப் பிடித்துக்கொள்வான்.

போன ஞாயிறு அவள் முறை. அவள் எழுதிவைத்த கோட்டை வாசலுக்குள் யாரும் போகவில்லை. காவல்காரனிடம் இரண்டு மணி நேரம் மீன் விலை பேசினார்கள்.

“உன் கதைக்கு ஒரே வாசல்க்கா. அதுல யாரும் நுழையலைன்னா?”

“பத்து நாள் உக்காந்து எழுதினேன்டா. நீ பண்றதுக்குப் பேரு சோம்பேறித்தனம்.”

அதுதான் கடைசிப் பேச்சு. செவ்வாய் காலையில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தான். நாற்பது வயது முடியவில்லை. பெண்டாட்டி, பிள்ளை கிடையாது. அப்பாவும் இல்லை.

பதினொன்று முப்பத்தைந்துக்குப் பெரியப்பாவின் போன் அடித்தது. சிங்கப்பூரிலிருந்து வந்துகொண்டிருந்த ராஜராஜன். திருவாரூர் தாண்டி நெல் லாரிகளுக்குப் பின்னால் நிற்கிறானாம். ஒரு மணிக்கு மேல் ஆகுமாம்.

பெரியப்பா தாளைத் திருப்பிப் பார்த்தார். பின்பக்கம் வெள்ளையாக இருந்தது.

“ராகுகாலத்துக்கு முந்தி எடுத்தாகணும்.”

“அப்ப எடுத்துரலாமா அண்ணே?” என்றார் பங்காளி தங்கையன்.

“ராஜராஜன் வராம எப்படிய்யா எடுக்கறது?”

பன்னிரண்டு நகலிலும் இதற்கு மேல் விவரம் இல்லை.

சந்திரலேகா எழுந்து முந்தானையை இடுப்பில் செருகினாள். கொள்ளிச்சட்டியை எடுத்தாள்.

“ஏம்மா, கீழ வை! பொம்பளைங்க முச்சந்தி வரைக்கும்தான். பதினாறாவது அம்சம்.”

“படிச்சேன் பெரியப்பா. நல்லா எழுதியிருக்கீங்க. நானும் இதே தப்பைத்தான் பண்ணுவேன்.”

“ஊரு என்ன சொல்லும்?”

“ஊரையே கேப்போம்.” பந்தலைப் பார்த்துத் திரும்பினாள். “இப்ப என்ன பண்றீங்க? சொல்லுங்க.”

சுஹைப் கைலியை மடித்துக் கட்டினான்.

“நான் முன்னாடி ஓடி வண்டிங்கள ஒதுக்கி விடறேன்க்கா.”

“நான் தலைப் பக்கம் தூக்கறேன்” என்றான் முருகையன்.

தங்கையன் தொண்டையைச் செருமினார். “கால் பக்கத்துக்கு நான் இருக்கேன். இன்னும் ரெண்டு பேர் வாங்கய்யா, மணி ஆவுதுல்ல?”

“என்னை யாருமே கேக்கலையே!” என்றார் காயாரோகணம்.

“கேட்டேனே பெரியப்பா. நீங்க என்ன பண்றீங்க?”

அவர் தாளைப் பார்த்தார்.

பதினொன்று ஐம்பத்தெட்டுக்கு வசந்தகுமார் வீட்டை விட்டுக் கிளம்பினான். முச்சந்தியில் பெண்கள் நின்றுவிட்டார்கள். ஒருத்தி அவளைப் பேர் சொல்லிக் கூப்பிட்டாள். சந்திரலேகா திரும்பவில்லை. சட்டியின் சூடு கயிறு வழியாக விரலுக்கு ஏறியது. கை மாற்றிக்கொண்டு நடந்தாள். அவளுக்குப் பின்னால் தம்பி, அவனுக்குப் பின்னால் கீழ்வேளூரில் பாதி.

சுஹைப் வண்டிகளை மறித்துக்கொண்டு ரோட்டிலேயே நின்றுவிட்டான். வாய்க்கால் மதகைத் தாண்டியதும் பாதை இரண்டாகப் பிரிந்தது. நாற்பத்தொரு வருஷமாக இதே ஊரில் இருக்கிறாள்.

சுடுகாடு எந்தப் பக்கம் என்று அவளுக்குத் தெரியாது.