நூற்றுப் பதின்மூன்றாவது வலைப்பூ

நூற்றுப் பன்னிரண்டு சதுரங்களும் திரையில் வந்து உட்கார்ந்துவிட்டன. ஒவ்வொரு சதுரத்திலும் யாரோ எடுத்த ஒரு படம், அதன் கீழே ஒரே ஒரு வரி. விருப்பக்குறி கிடையாது, எத்தனை பேர் பார்த்தார்கள் என்ற கணக்கும் கிடையாது. புகைப்படம் எடுத்துத் தன்பாட்டுக்கு வலைப்பூவில் போட்டுக்கொண்டிருக்கும் மனிதர்களை ஒரே இடத்தில் கூட்டி வைக்க வேண்டும் என்று அவளுக்கு எப்போது தோன்றியது என்று அவளுக்கே நினைவில்லை. கல்லூரி நூலகத்தில் இருபது வருடம் புத்தகங்களைப் பிரித்து அடுக்கியவளுக்கு அது இயல்பாக வந்திருக்க வேண்டும்.

தளத்தை வடிவமைத்துக் கொடுத்த தங்கை போனில் இருந்தாள்.

"எல்லாம் ரெடிக்கா. நாளைக்குக் காலைல பத்து மணிக்குத் திறந்துடலாம். ஆனா மாமாவோடது எங்க? மறந்துட்டியா, வேணும்னே விட்டுட்டியா?"

"இன்னும் வரி எழுதல."

"ஊர்ல இருக்கறவங்களுக்கெல்லாம் எழுதுற, கட்டினவருக்கு எழுத வரலையா? 'நல்ல மனுஷன், குழம்புல உப்பு இல்லன்னாலும் வாயத் திறக்க மாட்டார்'னு போட்டுடு."

"போடி," என்று சொல்லி அவள் போனை வைத்தாள். சிரிப்பு வந்தது, ஆனால் நிலைக்கவில்லை.

தளத்துக்கு அவள் வைத்த விதி ஒன்றே ஒன்றுதான். ஒரு வலைப்பூவை முதல் படத்திலிருந்து கடைசிப் படம்வரை பார்க்காமல் வரி எழுதக்கூடாது. அவள் வரிகளை நம்பித்தான் ஆட்கள் உள்ளே போகப்போகிறார்கள். கணவர் ஒன்பது வருடமாக வலைப்பூ வைத்திருக்கிறார். லிஃப்ட் மெக்கானிக். லிஃப்ட்டின் மோட்டார் அறை கட்டிடத்தின் உச்சியில் இருக்கும். வேலை முடிந்ததும் மொட்டை மாடியில் நின்று எதையாவது எடுப்பார். மாலையில் போனை நீட்டுவார். அடுப்பைப் பார்த்தபடியே அவள் "நல்லாருக்கு" என்பாள். யார் யாருடைய படங்களையோ வாரக்கணக்கில் உட்கார்ந்து பார்த்தவள், இதை ஒருநாளும் முதலிலிருந்து பார்த்ததில்லை. பார்த்தால் உண்மையைச் சொல்ல வேண்டிவரும் என்ற பயம்தான். அவள் கண்ணில் பட்டவரைக்கும் அவை சுமாரான படங்கள்.

இதற்குள் அவர் தன்னுடன் வேலை செய்பவர்களிடமெல்லாம் சொல்லிவிட்டார். அன்று மதியம் கருவிப் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு கிளம்பும்போதும் கேட்டார்.

"முதல் இடம் என்னோடதுதான?"

"முதல் இடம்னே ஒண்ணு இல்லங்க. ஒவ்வொரு தடவை திறக்கறப்பவும் வரிசை மாறும்."

"அப்ப மத்தவங்க வரிசைல நான் எங்கயாவது நடுவுலயா?" என்று முகத்தைப் பாவமாக வைத்துக்கொண்டு, செருப்பைத் தேடினார்.

அவர் போனதும் அவள் முதல் வருடத்தைத் திறந்தாள். தண்ணீர்த் தொட்டிகள். மறுபடி தண்ணீர்த் தொட்டிகள். கம்பிகள், கொடியில் காயும் யாருடையவோ சட்டைகள், ஒரு காக்கை. எல்லாம் எட்ட நின்று எடுத்தவை. மனிதர்கள் இருந்தாலும் எறும்பளவுதான். ஒரு மணி நேரம் போயிற்று. என்ன எழுதுவது? பொய் எழுதினால் மற்ற வரிகளும் பொய்யாகிவிடும். சேர்க்காமல் விட்டால், நாளைக் காலை அவர் பக்கத்தை மேலும் கீழும் நகர்த்தித் தேடப்போகும் முகத்தை அவள் பார்க்க வேண்டியிருக்கும்.

ஐந்தாம் வருடத்தில் ஒரு கட்டிடம் வந்தது. சாம்பல் நிறச் சுவர், வரிசையாக ஜன்னல்கள். அடுத்த நாள் தேதியிலும் அதே கட்டிடம், கொஞ்சம் வேறு கோணத்தில். அதற்கடுத்த நாளும். எந்தப் படத்துக்கும் தலைப்பு வைக்காதவர் இவற்றுக்கு மட்டும் ஒரே தலைப்பை வைத்திருந்தார்: 'மூன்றாவது மாடி, இடமிருந்து நான்காவது.' சலிப்புடன் நகர்த்திக்கொண்டே போனவள் ஏழாவது படத்தில் நின்றாள். அந்த ஜன்னல் விளிம்பில் ஒரு பச்சைத் தண்ணீர்க் குப்பி இருந்தது. மூடி மட்டும் சிவப்பு. உடைந்த மூடிக்குப் பதிலாகத் தங்கை வேறொரு குப்பியின் மூடியைப் போட்டுத் தந்தது.

முதுகெலும்பில் அறுவை சிகிச்சை முடிந்து பதினெட்டு நாள் அவள் அந்த ஆஸ்பத்திரி ஜன்னலுக்குப் பக்கத்தில்தான் படுத்திருந்தாள். தங்கைதான் கூட இருந்தாள். அவர் சாயங்காலம் வருவார். கட்டிலின் கால்மாட்டில் ஐந்து நிமிடம் நிற்பார். "வேலை கெடக்கு," என்று கிளம்பிவிடுவார். ஏன் என்று அவள் ஒருநாளும் கேட்கவில்லை. நான்கு வருடமாகக் கேட்கவில்லை. கேட்காதது அப்படியே உள்ளே தங்கி, ஒரு பழக்கமாகிவிட்டது; அவர் போனை நீட்டும்போது அடுப்பைப் பார்ப்பதும் அதில் சேர்த்திதானோ என்னவோ.

எண்ணிப் பார்த்தாள். பதினெட்டுப் படங்கள். எல்லாம் பகலில், வேறு வேறு மொட்டை மாடிகளிலிருந்து. எதிரே இருந்த கட்டிடங்களில் ஒவ்வொன்றாக ஏறியிருக்கிறார். சாலையைக் கடந்தால் வந்துவிடக்கூடிய தூரம்.

அவளுக்கு அழுகை வரவில்லை. முதலில் வந்தது கோபம். அவ்வளவு பக்கத்தில் நின்றுகொண்டா? கோபத்துக்கு அடியில் என்ன இருந்தது என்று பார்க்க அவள் அவசரப்படவில்லை. மிச்ச நான்கு வருடங்களையும், விதிப்படி, கடைசிப் படம்வரை பார்த்தாள். பிறகு பதினோராவது நாளின் படத்தைச் சதுரத்தில் வைத்து, வரியை எழுதினாள்.

அவர் திரும்பி வந்தபோது வெயில் சாய்ந்திருந்தது. கை கழுவிவிட்டு வந்தவரிடம் தன் மொபைலை நீட்டினாள். அவர் நின்றுகொண்டே வாசித்தார்.

'ஒரே ஜன்னலைப் பதினெட்டு நாள் எதிர்மாடிகளிலிருந்து பார்த்தவர். தண்ணீர்த் தொட்டிகளும் உண்டு.'

பக்கத்து வீட்டில் யாரோ நாற்காலியை இழுத்தார்கள்.

"இது... எல்லாரும் படிப்பாங்களே," என்றார்.

"எந்த ஜன்னல்னு அவங்களுக்குத் தெரியாது. வேண்டாம்னா எடுத்துடறேன். பத்து மணி வரைக்கும் நேரம் இருக்கு."

அவர் வரியை மறுபடி முதலிலிருந்து வாசித்தார்.

"ஏன் உள்ள வரல?" என்று அவள் கேட்டாள். நான்கு வருடம் வைத்திருந்த கேள்வி இவ்வளவு சின்னதாக இருக்கும் என்று அவள் நினைத்திருக்கவில்லை.

"வந்தேனே."

"அஞ்சு நிமிஷம்."

அவர் நாற்காலியின் நுனியில் உட்கார்ந்தார். "உள்ள வந்தா நீ சிரிப்ப. வலிக்கறப்பவும் என்னைப் பாத்து சிரிப்ப. அங்க மேல நின்னா..."

யார் வந்தாலும் அவள் சிரித்தாள்தான். அது அவர்களுக்கு ஆறுதல் என்று நினைத்துச் செய்தது. திரைச்சீலை விலகியிருந்த மதியங்களில் தன் முகம் எப்படி இருந்தது என்று அவளுக்குத் தெரியாது. அதை அறிந்தவர் எதிரே குனிந்து உட்கார்ந்திருக்கிறார்.

அவர் கையில் மொபைலின் வெளிச்சம் மங்கியது. கிரீஸ் கறை போகாத கட்டைவிரலால் மெல்லத் தொட்டார். வரி மறுபடி தெரிந்தது. சற்றுக் கழித்து மறுபடி மங்கியது. அணைந்துவிடுவதற்கு முன்னால் மறுபடியும் தொட்டார்.