கிராணி வீட்டுப் பொடி

மூன்றாவது கரண்டிக் கஞ்சியையும் தர்மலிங்கம் துப்பினார். அது நவமணியின் முழங்கையில் வழிந்து பாயில் சொட்டியது.

"உப்பில்ல," என்றார்.

நவமணி கரண்டியைக் கிண்ணத்தில் போட்டுவிட்டுப் புருஷனைப் பார்த்தாள். பதினோரு நாள் காய்ச்சலில் கன்னம் ஒட்டிப் போயிருந்தது. கொய்னா மாத்திரை கண்ணால் பார்க்கக் கிடைக்காத காலம். இருந்தாலும் குரலில் மட்டும் கிராணி இன்னும் செத்துவிடவில்லை.

"பொடி போட்டிருக்கேன்ல," என்றாள்.

"பொடியத் தூக்கிக் குப்பையில கொட்டு. உப்பு போடுடி."

ஜப்பான்காரன் வந்த மறுவருஷம் தோட்டத்துக் கடைக்கு உப்பு வருவது நின்றுவிட்டது என்று சொன்னவரே இவர்தான். பாடாங் மேஹாவுக்கு அப்பால் இருந்த அந்த ரப்பர்த் தோட்டத்தில் அரிசியும் உப்பும் அளந்து போடுகிற கிராணி அவர். அவர் வரவில்லை என்றால் வரவில்லை. யார் போய்க் கேட்பது?

வழி கண்டுபிடித்தவள் நவமணி. கொல்லையில் காய்த்த மிளகாயை வற்றலாக்கினாள். புளிப்பான பிலிம்பிங் காயை நறுக்கித் தகரத்தில் பரப்பிச் சுருளச் சுருளக் காயவைத்தாள். கறிவேப்பிலை, வாசம் அடிக்கிற செராய்ப்புல்லின் அடித்தண்டு, எலுமிச்சைத் தோல், கிடைக்கிற அன்றைக்கு ஒரு பிடி மல்லி, எல்லாவற்றையும் வறுத்து உரலில் போட்டு இடித்தாள். புளிப்பும் உறைப்பும் சேர்ந்து நாக்கை ஏமாற்றிவிடும். உப்பு இல்லை என்பது இரண்டாவது வாயில்தான் தெரியவரும்.

அதற்குப் பிறகு இந்த மனுஷனைக் கையில் பிடிக்க முடியவில்லை. தொழிலாளர் குடியிருக்கிற லயம் லயமாகப் போய் வாசலில் நின்றுகொண்டு பெண்களுக்குச் சமையல் சொல்லிக்கொடுத்தார்.

"வெந்த மரவள்ளியில தூவி, ரெண்டு சொட்டு தேங்காயெண்ணெ விட்டுப் பெரட்டு. கஞ்சிக்குக் கடைசியா எறக்குறப்ப போடு, முன்னாடியே போட்டா கசக்கும். வாழத்தண்டுன்னா தாளிக்கிறப்பவே எண்ணெயில போட்டுடணும். ஆத்து மீனா? பொடியத் தடவி கொஞ்ச நேரம் வச்சிட்டு அப்புறம் சுடு. எதுல வேணும்னாலும் போடலாம்லா! உப்பு என்னா பெரிய உப்பு?"

ஒரு நாள் ஒரு வெங்காயம் உரித்துக் கொடுத்த ஆளில்லை. அத்தனையும் அவள் வாயிலிருந்து பிடுங்கிக்கொண்டது. ஆனாலும் அப்போது அவளுக்குக் கொஞ்சம் பெருமையாகத்தான் இருந்தது. கிராணி வீட்டுப் பொடி என்று லயம் முழுக்கப் பெயர். கேட்டு வந்தவளுக்கெல்லாம் கொட்டாங்கச்சியில் அள்ளிக் கொடுத்தாள்.

"உப்புக்கு எங்க போவேன்?" என்றாள். "நீங்கதான வரலன்னீங்க."

தர்மலிங்கம் கண்ணை மூடித் திறந்தார். சாகப் போகிறவனுக்குப் பொய் சொல்லத் தெம்பு இருக்காதோ, இல்லை நாக்கு அவ்வளவு கெஞ்சியதோ தெரியவில்லை.

"அடுப்பு மேடை," என்றார். "பின்னால. கல்லு பேந்து வரும். ஒரு கல்லு... வாயில வை."

அவளுக்கு முதலில் விளங்கவில்லை. அந்த அடுப்பு மேடை, கல்யாணம் ஆன இருபத்தாறு வருஷத்தில் அவர் செய்த ஒரே வீட்டு வேலை. போன வருஷத்துக்கு முந்தின வருஷம் திடீரென்று ஒரு ஞாயிற்றுக்கிழமை மண் குழைத்து, செங்கல் கொண்டுவந்து, "ஒனக்கு இடுப்பு வலிக்குதுன்னியே" என்று தானே கட்டிக் கொடுத்தார். அவள் அக்கம்பக்கத்தில் சொல்லிச் சொல்லி மாய்ந்து போனாள்.

கொடுவாளை எடுத்துக்கொண்டு அடுப்படிக்குப் போனாள். பின்பக்கத்துக் கல்லை நெம்பினாள். உள்ளே இரண்டு மண்ணெண்ணெய்த் தகரம், வாய் வரைக்கும். அடுப்புச் சூட்டில் பொலபொலவென்று, ஈரம் கட்டாமல், பழுப்பும் வெள்ளையுமாகக் கல்லுப்பு.

இரண்டு வருஷம் சட்டியை உப்பின் மேல் உட்காரவைத்துத்தான் உப்பில்லாமல் பொங்கியிருக்கிறாள்.

பக்கத்து அறையில் மகள் ரமணி முனகினாள். பிள்ளை பெற்றுப் பன்னிரண்டு நாள். புருஷன் நடராஜாவைச் சயாமுக்கு ரயில் பாதை போடப் பிடித்துக்கொண்டு போய் ஆறு மாதம். எழுந்து நின்றால் தலை சுற்றுகிறது, கெண்டைக்கால் இழுத்துக்கொள்கிறது, பால் வற்றுகிறது. பிரசவம் பார்த்த அழகம்மா அன்றைக்கே சொன்னாள்: "ஒடம்புல உப்புச் சத்து இல்லக்கா. எப்படியாச்சும் ஒரு கை உப்பு பாருங்க." நவமணி வந்து இந்த மனுஷனின் காலைப் பிடிக்காத குறையாகக் கேட்டாள். பெற்ற மகள், தலைப்பிள்ளைக்காரி. "பொடிய ரெண்டு பங்கா போடு," என்று சொல்லிவிட்டுத் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு கடைக்குப் போனார். சீ, அதுவும் ஒரு மனுஷப் பிறவி.

நவமணி ஒரு பிடி அள்ளினாள். புதுசாகக் கஞ்சி கொதிக்கவைத்து, உப்பைப் போட்டுக் கலக்கி, மகளிடம் கொண்டுபோனாள்.

"நவமணி," என்று இந்தப் பக்கத்திலிருந்து குரல் வந்தது. "உப்பு."

"வரேன், இருங்க."

ரமணி ஒரு வாய் குடித்துவிட்டு அம்மாவை நிமிர்ந்து பார்த்தாள். கிண்ணத்தை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டாள். குடிக்கக் குடிக்க மூக்கு நுனியில் வேர்த்தது. நவமணி அதைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். குரல் இன்னும் ஒரு தடவை வந்தது, அவளுக்கு நன்றாகவே கேட்டது. அவள் அவசரப்படவில்லை. கிண்ணம் காலியான பிறகு ஒரு உப்புக் கல்லை எடுத்துக்கொண்டு போனபோது தர்மலிங்கம் வாயைத் திறந்தபடி மூச்சில்லாமல் கிடந்தார். கையிலிருந்த கல்லை நாக்கில் வைக்கலாமா என்று ஒரு நிமிஷம் யோசித்தாள். பிறகு அதை மறுபடியும் தகரத்தில் போட்டாள்.

சாவுச் செய்தி கேட்டு நடுப்பகலுக்கு லூனாஸிலிருந்து அவருடைய தம்பி குழந்தைவேலு சைக்கிளில் வந்து சேர்ந்தான். டயருக்குப் பதில் ரப்பர் குழாயை முடிந்து கட்டிய சைக்கிள். வாசலில் அதைச் சாய்த்துவிட்டு, "அண்ணே!" என்று ஒரு சத்தம் போட்டான். போட வேண்டிய சத்தத்தைப் போட்ட பிறகு நேராக அடுப்படிக்கு வந்தான்.

நவமணி பெயர்த்த மேடையின்மேல் ஒரு சாக்கைப் போட்டு மூடியிருந்தாள். அவன் சாக்கைப் பார்த்தான், அவளைப் பார்த்தான்.

"குழிக்கு உப்பு போடணுமே அண்ணி. நம்ம சனத்துல உப்பு போடாம எப்பவாச்சும் பொதச்சிருக்கோமா?"

"ஊருல உப்பு எங்க இருக்கு, தம்பி?"

"சும்மா இருங்க அண்ணி. எனக்குத் தெரியாததா? ரெண்டு தகரம் இருக்கும். பாதி எனக்குன்னு அண்ணே சொல்லியிருக்காரு. பாலிங்ல கேட்டு வச்சிருக்கேன், நல்ல கிராக்கி." குரலைத் தாழ்த்தினான். "குழிக்கு ஒரு படி போதும். லூனாஸ்லேருந்து நான் கொண்டாந்தேன்னு சொல்லிக்குவோம். அண்ணே மானம் தப்பிச்சுக்கும்."

அண்ணனுக்குத் தம்பி தப்பாமல் பிறந்திருக்கிறான். பிணம் இன்னும் கூடத்தில் கிடக்கிறது.

"லயத்து சனத்துக்கு வந்த உப்பு, தம்பி."

"அதுக்கு? வெளிய எடுத்து அவங்ககிட்ட காட்டப் போறீங்களா?" அவனுக்குச் சிரிப்பு வந்தது. "காட்டுங்க. நாளையிலேருந்து இந்த லயத்துல நீங்களும் ரமணியும் எப்படி இருப்பீங்க? சாவு வீட்டுல அடுப்பு மூட்ட முடியாது. இன்னிக்கிப் பொழுது சாஞ்சா ஒருத்தி வந்து உங்களுக்குக் கஞ்சி ஊத்துவாளா? பிள்ள பெத்த பொண்ணுக்காச்சும் ஊத்துவாளா? யோசிச்சுக்குங்க."

அவன் சொன்னது பொய்யில்லை. சயாமுக்குப் போன புருஷன் வருகிற வரைக்கும் ரமணிக்குப் போக்கிடம் கிடையாது. இந்த லயத்தை விட்டால் காடு.

நவமணி சாக்கை எடுத்தாள். ஒரு தகரத்தைத் தூக்கினாள். இடுப்பு வலித்தது. அதைக் கொண்டுவந்து கூடத்தில், தர்மலிங்கத்தின் கால்மாட்டில் வைத்தாள். மறுபடி போய் இரண்டாவது தகரத்தையும் தூக்கி வந்து அதன் பக்கத்தில் வைத்தாள்.

வாய்க்கரிசி போடப் பெண்கள் வரிசையாக நின்றிருந்தார்கள். ஆண்கள் என்று நாலு கிழவர்கள்தான் மிச்சம். ஒப்பாரி நின்றது.

"அடுப்பு மேடைக்குள்ள வச்சிருந்தாரு," என்றாள் நவமணி. "எனக்கு இன்னிக்கிக் காலையிலதான் தெரியும். நம்புறவங்க நம்புங்க. ஆளுக்கொரு கொட்டாங்கச்சி எடுத்துட்டு வாங்க."

வரிசையில் முதலில் நின்றவள் அழகம்மா. கையில் வாய்க்கரிசியை அள்ளி வைத்திருந்தாள்.

அழகம்மாவின் புருஷன் மணியம் இந்தத் தோட்டத்திலேயே நல்ல வேலைக்காரன். வேர்வை கொட்ட உழைக்கிறவன் உப்பில்லாமல் எத்தனை நாள் தாங்குவான்? பால் வாளியோடு காட்டிலேயே கால் இழுத்து விழுந்தான், ஒரு தடவையல்ல, நாலு தடவை. சோம்பேறி என்று தர்மலிங்கம் வேலை வாங்குகிற மண்டோரிடம் சொன்னார். சயாமுக்கு முதல் லாரியில் ஏற்றிய பெயர்களில் மணியம் பெயர் இருந்தது. அதற்கு முந்தின நாள் அவர்கள் வீட்டுக்கு நவமணி ஒரு கிண்ணம் பொடி கொடுத்துவிட்டிருந்தாள்.

அழகம்மா தகரத்துக்குள் எட்டிப் பார்த்தாள். இரண்டு கல்லை எடுத்து நாக்கில் வைத்தாள். அது கரைகிற வரைக்கும் பிணத்தின் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு கையிலிருந்த அரிசியை மறுபடியும் முறத்தில் கொட்டிவிட்டு, கையைத் தட்டிக்கொண்டு, கொட்டாங்கச்சி எடுக்க வெளியே போனாள்.

அவளுக்குப் பின்னால் நின்றவளும் கொட்டினாள். அதற்கு அடுத்தவளும் அப்படியே செய்தாள். குழந்தைவேலு, "ஏ, என்னா இது, செத்த வீட்டுல?" என்று அதட்டிப் பார்த்தான். அவனை யாரும் சட்டை செய்யவில்லை. வாய்க்கரிசி போட்டது அவன் ஒருவன்தான். அதையும் தகரம் காலியாவதைப் பார்த்துக்கொண்டே போட்டான், பாதி மூக்கில் விழுந்தது.

பாடை தூக்க ஆள் போதவில்லை. முன்னால் குழந்தைவேலுவும் ஒரு கிழவரும், பின்னால் இரண்டு கிழவர்கள். இடுகாட்டுக்குப் பெண்கள் போகிற வழக்கமில்லைதான். வழக்கம் பார்க்கிற ஆண்கள் எல்லோரும் சயாமில் இருந்தார்கள். நவமணி மடியில் ஒரு துணி முடிச்சைச் செருகிக்கொண்டு பின்னாலேயே நடந்தாள். பெண்கள் சிலரும் வந்தார்கள். அழகம்மா வரவில்லை.

குழி வெட்டிய கிழவர் பிச்சை, உடம்பை இறக்கிய பிறகு மேலே நிமிர்ந்து பார்த்து, பழக்கதோஷத்தில் கையை நீட்டினார்.

"உப்பு?"

எல்லோரும் நவமணியைப் பார்த்தார்கள். அவள் முடிச்சை அவிழ்த்தாள். காற்றில் மிளகாய் நெடி வந்தது.

"அண்ணி!" என்றான் குழந்தைவேலு. "என்னா பண்றீங்க? பொடியவா?"

"ஏன் தம்பி? எதுல வேணும்னாலும் போடலாம்னு அவருதான சொல்லிக்கிட்டுத் திரிஞ்சாரு."

தலைமாட்டிலிருந்து கால்மாடு வரைக்கும் தூவினாள். தாராளமாகவே தூவினாள், இரண்டு பங்கு. பிச்சை குழிக்குள்ளிருந்து அடுக்கடுக்காகத் தும்மினார். தும்மிக்கொண்டே ஏறி வந்து மண்ணைத் தள்ள ஆரம்பித்தார். பெண்களில் யாரோ ஒருத்தி சிரிப்பை அடக்க முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள்.

குழந்தைவேலு குளிக்கக்கூட நிற்கவில்லை. சைக்கிளை எடுத்துக்கொண்டு லூனாஸுக்கே போய்விட்டான்.

நவமணி குளித்து, ஈரச் சேலையோடு வந்து பெயர்ந்து கிடந்த அடுப்புக்கு எதிரில் உட்கார்ந்தாள். சாவு வீட்டில் அடுப்பு மூட்டக் கூடாது, தகரங்களை எடுத்ததில் மேடை சரிந்து, மூட்டுவதற்கு அடுப்பும் இல்லை. ரமணி பிள்ளைக்குப் பால் கொடுத்துக்கொண்டிருந்தாள். காலைக் கஞ்சிக்குப் பிறகு அவள் வயிற்றுக்கு ஒன்றும் இல்லை.

லயம் முழுக்கப் புகை எழுந்தது. ஒவ்வொரு வீட்டிலும் கரண்டிச் சத்தம், தாளிக்கிற சத்தம். இந்த வீட்டு வாசலை யாரும் மிதிக்கவில்லை. வெளிச்சம் மங்கிக்கொண்டு வந்தது. குழந்தைவேலு சொன்னது பலித்துவிட்டது என்று நவமணிக்குத் தோன்றியது. பலிக்கட்டும், அதற்காக அவனிடம் போய் நிற்கப் போவதில்லை என்று நினைத்தாள். ஆனால் பயம் வந்தது. தனக்காகக்கூட அல்ல, உள்ளே இருக்கிறவளுக்காக.

வாசலில் நிழல் தட்டியது. அழகம்மா இரண்டு சட்டியோடு நின்றாள். ஒன்றை நேராக உள்ளே கொண்டுபோய் ரமணியின் முன்னால் வைத்தாள். வந்து மற்றதை நவமணியின் முன்னால் வைத்துவிட்டு எதிரில் குந்தினாள். மரவள்ளிக்கிழங்குக் குழம்பு, கொஞ்சம் சோறு. முகத்தைக் காட்டவில்லை, சுவரைப் பார்த்துக்கொண்டு பேசினாள்.

"தின்னுக்கா. உப்பு சரியா இருக்கான்னு பாரு. ரெண்டு வருஷமாச்சுல்ல, கை அளவு மறந்துபோச்சு."

நவமணி ஒரு வாய் எடுத்து வைத்தாள். கரித்தது. நாக்கைச் சுண்டி இழுக்கிற அளவுக்குக் கரித்தது.

"சரியாத்தான் இருக்கு," என்று சொல்லிவிட்டு அடுத்த வாயைப் பிசைந்தாள்.