எல்லம்மாள் சாத்தும் கதவு

மாமல்லபுரம் தாண்டி ஒரு வளைவில் காரின் பின்கதவு தானாகத் திறந்துகொண்டது. சீட்டில் வைத்திருந்த என் சாப்பாட்டுப் பை உருண்டு சாலையில் விழ, பின்னால் வந்த லாரி எலுமிச்சை சாதத்தின் மேல் ஏறிப் போனது. டிரைவர் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. பை இருந்த இடத்தில் ஒரு குழந்தை இருந்திருந்தால்? அந்தக் கதவில் இருந்தது எங்கள் கம்பெனியின் புதுப் பூட்டு. சில மாதமாக இந்தக் காரில் மாட்டி ஓட்டிப் பார்த்துக்கொண்டிருந்தோம். லட்சம் தடவை திறந்து சாத்தினாலும் தாங்கும் என்று கையெழுத்துப் போடவேண்டிய இன்ஜினியர் நான்.

செங்கல்பட்டு வந்ததும் நேரே டெஸ்டிங் ஷெட்டுக்குப் போனேன். பெயர்தான் பெரிது. இரும்புச் சட்டத்தில், அதே புதுப் பூட்டு மாட்டிய ஒரு கார் கதவு தொங்கும். அதைத் திறந்து திறந்து சாத்த, பக்கத்து ஊரான படாளத்திலிருந்து எல்லம்மாள், சந்திரம்மா என்று இரண்டு பேர், மாற்றி மாற்றி. இதற்கென்று ஒரு மெஷின் வேண்டுமென்று தொண்ணூற்றாறிலிருந்து கேட்டுக்கொண்டிருந்தேன். செவிடன் காதில் ஊதிய சங்குதான். "ஆளுக்கா பஞ்சம்?" என்பார் மேனேஜர் ராமானுஜம்.

அன்று எல்லம்மாளின் முறை. ஓரமாக நின்று பார்த்தேன். திறந்தாள், சாத்தினாள், டக். ஒரு தடவைகூடப் பிசகவில்லை. பிறகு நான் சாத்தினேன். பார்வைக்குச் சாத்தியதுபோல்தான் இருந்தது. விரலால் இழுத்ததும் திறந்துகொண்டது. மறுபடி அவள் சாத்தினாள். டக். அப்போதுதான் பிடிபட்டது. கைப்பிடியை ஒரு நூல் மேலே தூக்கி, இடுப்பால் லேசாக ஓர் இடி கொடுக்கிறாள்.

"ஏன் தூக்கறே?"

"தூக்கறனா?" இன்னொரு முறை சாத்திப் பார்த்துவிட்டுச் சிரித்தாள். "ஆமா மேடம்! எங்க வூட்டுக் கதவு தொங்கிப்போய் கீது. தூக்கிச் சாத்தினாதான் வுழும். கை அதுவா செய்துகினு கீது."

பூட்டின் நாக்கு என்றைக்கோ தேய்ந்துவிட்டிருந்தது. அவள் மேல் கோபம் வரவில்லை. எந்த மனுஷக் கையும் நாலு நாளில் கதவோடு சமாதானமாகிவிடும். அதற்குத்தான் மெஷின் கேட்டேன். மெஷினுக்குத் தாட்சண்யம் கிடையாது.

சாயங்காலம் ராமானுஜம் ரிப்போர்ட்டும் பேனாவுமாக வந்தார். "நாளைக்குச் சரக்கு போகணும். போட்டுக் குடும்மா."

அவரையே சாத்தச் சொன்னேன். கதவு நிற்கவில்லை. எல்லம்மாளைக் கூப்பிட்டார். டக்.

"பாத்தியா? பூட்டு நன்னாத்தான் இருக்கு. சாத்தத் தெரியணும்."

"அப்ப காருக்கு ஒரு எல்லம்மாள சேத்து அனுப்பிடலாமா சார்?"

அவர் முகம் சிவந்தது. "மெஷின் வந்தா இவாளுக்கு இங்க என்ன வேலை? அதையும் நீயே அவகிட்ட சொல்லிடு."

தீபாவளிக்கு ஒரு புடவை கொடுக்க மனம் வராதவருக்குத் திடீர்க் கருணை! ஆனாலும் அடி சரியான இடத்தில்தான் விழுந்தது. எல்லம்மாள் பக்கம் திரும்பினேன். இல்லாததை இருப்பதாகச் சொல்ல எனக்கு வராது.

"எல்லம்மா, மெஷின் வந்தா உன் வேலை போனாலும் போகும். வேற வேலை தரச் சொல்லிக் கேப்பேன், தருவாங்களான்னு தெரியாது. ஆனா இதுல கையெழுத்துப் போட மாட்டேன்."

அவள் என்னை முறைத்தாள். அவரையும் முறைத்தாள்.

"என் பேர வெச்சி நீங்க ரெண்டு பேரும் இன்னாத்துக்கு அடிச்சிக்கிறீங்க? வேல போனா காயற வவுறு என்து. அத நான் பாத்துக்கிறேன்." முந்தானையை இழுத்துச் செருகினாள். "ஆனா புள்ளகுட்டி ஏறுற வண்டி இது. எல்லம்மா கை வெச்சி ஏமாத்தினான்னு நாளைக்கி ஒருத்தரும் சொல்லக்கூடாது. தள்ளு சார்."

கதவை அகலத் திறந்தாள். கைப்பிடியைத் தொடவேயில்லை. உள்ளங்கையால் ஓங்கித் தள்ளினாள். சட்டம் அதிர்ந்தது; கதவு திரும்பி வந்தது. மறுபடி தள்ளினாள். மறுபடி வந்தது. ஷெட்டில் லேத் ஓட்டிக்கொண்டிருந்தவர்கள் நிறுத்திவிட்டுத் திரும்பிப் பார்த்தார்கள். அவள் நிறுத்தவில்லை. வியர்வையும் கோபமுமாகத் தள்ளிக்கொண்டேயிருந்தாள்.

ராமானுஜம் பேனாவைப் பையில் செருகிவிட்டு ஓரடி முன்னால் வந்தார். அடுத்த முறை கதவு போகும்போது அவர் கை தன்னால் நீண்டு கைப்பிடியை ஏந்தப் போனது.

"தூக்காத சார்" என்றாள் எல்லம்மாள்.

கை அந்தரத்தில் நின்றது. கதவு திரும்பி வந்து, அவர் விரல்களுக்கு முன்னால் ஆடிக்கொண்டிருந்தது.