கீழே வராத பந்து

2004ஆம் ஆண்டு வைகாசி மாதத்து ஞாயிற்றுக்கிழமை ஒன்றில் செவன் கிங்ஸ் பார்க்கில் எறியப்பட்ட பந்து இன்னும் கீழே வரவில்லை. அந்த வருடம் பஸ் கட்டணம் ஏறியது, பாண் விலை ஏறியது, பந்தும் ஏறியது. ஏறிய எதுவும் இறங்கவில்லை. அது பிள்ளைகள் காலால் உதைக்கிற உருண்டைப் பந்து அல்ல. அமெரிக்கர்கள் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு ஓடுகிற, இரண்டு முனையும் கூரான தோல் பந்து. அதைப் பிடிக்க ஓடியவன் நகுலேஸ்வரியின் ஒரே மகன் அனுசன். அப்போது அவனுக்கு இருபது வயது.

பதினாறு வயதில் ஃபுட்போல் கிளப்பில் சேர்கிறேன் என்று அவன் சொன்னபோது, நகுலேஸ்வரி நம்பிச் சப்பாத்து வாங்கிக் கொடுத்தாள். தலையில் கம்பிபோட்ட கவசமும் தோளில் இரண்டு பெரிய சிரட்டைகளுமாக அவன் வாசலில் வந்து நின்ற அன்றுதான் இது வேறு சாமான் என்று விளங்கியது. தகப்பன் நித்தியானந்தன் பெற்றோல் ஸ்டேசனில் ஷிப்ட் முடித்து வந்து தேத்தண்ணி குடித்துக்கொண்டிருந்தார்.

“கிடாரத்தைத் தலையிலை கவிழ்த்துக்கொண்டு ஆளை ஆள் இடிக்கிறதும் ஒரு விளையாட்டோ? சனிக்கிழமையிலை பெற்றோல் ஸ்டேசனுக்கு வா, இடிபடுறதைச் சும்மா காட்டுறன்.”

“நான் இடிக்கிற ஆளில்லை அப்பா. பிடிக்கிற ஆள்.”

உண்மையிலேயே பிடித்தான். மழையில் பிடித்தான், மூன்று பேர் மேலே விழப் பிடித்தான், ஒருமுறை விரல் முறிந்த கையாலும் பிடித்தான். யூனிவர்சிட்டிப் படிப்பைப் பாதியில் விட்டான். நாலு வருடத்தில் அவனைப் பார்க்க ஜெர்மனியிலிருந்து ஒருவர் வருவதாகச் செய்தி வந்தது. அங்கே சம்பளத்துக்கு விளையாடுகிற லீக் ஒன்று இருந்தது. அதில் ஏறினால் அமெரிக்கா. ஏறாவிட்டால் பெற்றோல் ஸ்டேசன். இதை வீட்டில் யாரும் வாய்விட்டுச் சொல்லவில்லை.

நகுலேஸ்வரி ஆஸ்பத்திரியில் கிளீனிங் செய்கிறவள். விளையாட்டு அவளுக்கு விளங்காது, நேர்த்தி விளங்கும். சப்பாத்துக் கயிறு கட்டிக்கொண்டிருந்தவனிடம், “தம்பி, சுவாமியிட்டை என்னெண்டு கேக்க?” என்றாள். “பந்து கீழை விழக்கூடாது அம்மா. விழுந்தா எல்லாம் முடிஞ்சுது” என்றான். அவள் லூயிஷாம் சிவன் கோயிலுக்குப் போய் அதையே கேட்டாள். பந்து கீழே விழக்கூடாது. பிள்ளை பிடிக்கவேண்டும் என்று கேட்க அவளுக்குத் தோன்றவில்லை. ஊரில் என்றால் காரியம் முடிந்த பிறகுதான் நேர்த்தியைச் செய்வார்கள். இவளுக்கு அடுத்த மாதம் லீவு கிடைக்காது. அதனால் அன்றைக்கே கோயில் வீதியைச் சுற்றி, அடிக்கு அடி விழுந்து கும்பிட்டு அடியழித்து, நேர்ந்ததை முழுவதுமாகச் செய்து முடித்துவிட்டு, ரயில் ஏறி வேலைக்குப் போனாள்.

அந்த ஞாயிறு, கடைசி எறி. அவனுடைய அணியின் கானா நாட்டுப் பையன் எறிந்த பந்து மரங்களுக்கு மேலே போய் அங்கேயே நின்றது. அனுசன் எல்லைக்கோட்டுக்குள் ஓடிப்போய், திரும்பி, இரண்டு கையையும் விரித்துக்கொண்டு நின்றான். பந்து கைக்கு வரவேண்டும் அல்லது நிலத்தில் படவேண்டும், அதுவரை ஆட்டம் முடியாது என்பது சட்டம். ரெஃபரி விசிலை வாயில் வைத்தபடி நின்றார். ஜெர்மனிக்காரர் மரியாதையாகக் கொஞ்சநேரம் பார்த்தார். பிறகு அவருக்கு விமானம் இருந்தது.

மற்றவர்களும் ஒவ்வொருவராகப் போனார்கள். அனுசன் போகவில்லை. நகுலேஸ்வரி புட்டையும் கத்தரிக்காய்க் கறியையும் குழைத்து, சின்னச் சின்ன உருண்டையாக்கி, கவசக் கம்பிக்கு இடையால் ஊட்டினாள். அவன் மேலே பார்த்தபடியே மென்றான். மாரியில் தோள் சிரட்டையில் பனி ஏறியது. கோடையில் அதே இடத்தில் ஒரு புறா குஞ்சு பொரித்தது. கவுன்சில் ஆள் வந்து விசாரித்து, பந்து உயரத்தில் இருப்பதால் யாருக்கும் ஆபத்தில்லை என்று சொல்லிப் போனார். ரெஃபரி இரண்டு வருடம் ஞாயிறு தவறாமல் வந்தார். முழங்கால் ஏலாமல் போனதும் விசிலை நகுலேஸ்வரியின் கையில் கொடுத்து, விசில் ஊதினால் ஆட்டம் நின்றுவிடும், எப்போது என்று தாய்க்குத் தெரியும் என்றார். அவள் அதைத் தாலிக்கொடியில் கோத்துக்கொண்டாள். கோத்தாளே தவிர ஊதவில்லை. ஊதினால் பிள்ளை பிடிக்காமல் விட்டதாக ஆகிவிடும்.

பதிலாகக் கோயிலுக்குப் போனாள்.

“ஐயா, கேட்டதைக் கொஞ்சம் மாத்திக் கேக்கலாமோ?”

“நேர்த்தியைச் செய்திட்டியளோ?” என்று குருக்கள் கேட்டார்.

“முதலே செய்துபோட்டன். பிறகு லீவு எடுக்க ஏலாது.”

குருக்கள் தட்டைக் கீழே வைத்தார். “கொஞ்சம் மிச்சம் வைச்சிருந்தாலும் கதைச்சுப் பாக்கலாம் பிள்ளை. நீங்கள் உங்கடை பங்கை முழுக்கச் செய்துபோட்டியள். அவர் தன்ரை பங்கைச் செய்துகொண்டிருக்கிறார்.”

2007இல் ஜெர்மனி லீக்கை மூடிவிட்டார்கள். அதைச் சொல்ல நித்தியானந்தன் முதல்முறையாகப் பார்க்குக்கு வந்தார்.

“தம்பி, லீக்கே இல்லையாம். இனி ஆருக்குப் பிடிக்கப்போறாய்?”

“தெரியும் அப்பா. பிளே முடியேல்லை.”

நக்கலாக ஏதோ சொல்ல வாயைத் திறந்தவர், மகனின் தோள்பட்டி வாரை இறுக்கிவிட்டு ஷிப்டுக்குப் போனார்.

2009 சித்திரையில், ஊரில் நடக்கிற போரை நிறுத்தச் சொல்லி, தமிழ்ச் சனமெல்லாம் இங்குள்ள பாராளுமன்றத்துக்கு முன்னால் போய் நின்றது. நகுலேஸ்வரியும் நின்றாள். வன்னியில் அவளுடைய தங்கை குடும்பம் இருந்தது. வாகனங்கள் ஹோர்ன் அடித்துக்கொண்டு போயின, பெரியவர்கள் யன்னலால் பார்த்தார்கள், வைகாசியில் எல்லாம் முடிந்தது. தங்கை வீட்டார் பற்றி ஒரு சொல்லும் வரவில்லை. அங்கிருந்து அவள் வீட்டுக்குப் போகாமல் நேரே பார்க்குக்கு வந்தாள். இதையாவது முடிப்போம் என்று நினைத்தாள். கொடியில் கிடந்த விசிலை எடுத்து, நெஞ்சில் இருந்த மூச்சையெல்லாம் சேர்த்து ஊதினாள். பக்கத்து மைதானத்தில் விளையாடிய பிள்ளைகள் அப்படியே நின்றார்கள். எங்கோ நின்ற நாய் ஒன்று ஓடிவந்தது. அனுசனின் கை இறங்கவில்லை.

“விழேல்லை அம்மா,” என்றான். அவனுடைய தாடியில் ஒரு நரை தெரிந்தது.

அவள் மேலே பார்த்தாள். பந்து இருந்தது. இத்தனை வருடத்தில் சாப்பாட்டைப் பார்த்தாள், பிள்ளையைப் பார்த்தாள், பந்தை அவள் சரியாகப் பார்த்ததில்லை. சுழன்றுகொண்டே இருந்தது. கைப்பையைக் கீழே வைத்துவிட்டு அவனுக்குப் பக்கத்தில் நின்று அவளும் கையை விரித்தாள்.

கவுன்சில் புல்வெட்டுகிறவர் புதன்கிழமைகளில் வருவார். முன்பெல்லாம் அனுசனைச் சுற்றி ஒரு வட்டம் விட்டு வெட்டுவார். இப்போது இரண்டு பேரையும் சுற்றிப் போகிறார். அந்த இடத்தில் வெட்டாத புல்திட்டு, இரண்டு முனையும் கூராக, இடுப்பளவுக்கு வளர்ந்திருக்கிறது. நித்தியானந்தன் ஷிப்ட் முடிந்து இரண்டு சாப்பாட்டுப் பெட்டியோடு வருகிறார்.