சாம்பல் நிறப் படம்

யுவராணிக்கு வந்த கோபத்தில் கணினியைத் தூக்கி நடுரோட்டில் போட்டிருப்பாள். மூன்று வருட உழைப்பு! மனநிலையைச் சீராக வைக்கும் செரட்டோனின் மூளையில் வந்து உட்காரும் ஏற்பிகளில் ஒட்டிக்கொண்டு, ஸ்கேனில் பளிச்சென்று தெரியவேண்டிய கதிரியக்க மருந்து அது. எலிகளுக்கு ஜோராக வேலை செய்தது. முதன்முதலாக ஒரு மனிதருக்குப் போட்டால், படம் முழுக்கச் சாம்பல்.

"மனுஷனுக்கு ஆகலம்மா. வெள்ளிக்கிழமையோட இந்த ஆராய்ச்சிய மூடிடலாம்," என்றார் வேலப்பன்சாவடி ஆய்வுக்கூடத்தின் தலைவர் மணவாளன்.

"மருந்துல தப்பில்ல சார். வெள்ளிக்கிழமைக்குள்ள காட்டுறேன்."

மத்தியானச் சாப்பாட்டைத் தொடாமல் படத்தையே முறைத்துக்கொண்டிருந்தாள். மருந்து மூளைக்குள் போயிருக்கிறது. ஆனால் எங்கும் ஒட்டாமல் வெளியே வந்துவிட்டது. ஒட்ட இடமே இல்லையோ? அடக் கடவுளே! ஸ்கேனுக்கு முன் அந்த மனிதர் நிரப்பிய படிவத்தை எடுத்தாள். 'சாப்பிடும் மாத்திரைகள்' என்ற இடத்தில் 'இல்லை' என்று எழுதியிருந்தார் பாஸ்கரன். அவளுக்கு நம்பிக்கை வரவில்லை.

பாஸ்கரன் ஆவடி ராணுவத் தொழிற்சாலையில் ஃபிட்டர், ஸ்கேனுக்குத் தானாக முன்வந்தவர். போன் போட்டு, முத்தாபுதுப்பேட்டை டீக்கடையில் அவரைப் பிடித்துவிட்டாள்.

"இன்னா மேடம், என் மண்டைல எதுனா கோளாறா?"

"அதெல்லாம் இல்ல சார். மாத்திரை ஏதாவது சாப்பிடுறீங்களா? யார்கிட்டயும் சொல்ல மாட்டேன்."

அவர் டீ கிளாஸைக் கீழே வைத்தார். பிறகு சட்டைப்பையிலிருந்து ஒரு மாத்திரை அட்டையை எடுத்தார். "மனசுக்கு. ஒரு வருசமா துன்னுகினு கீறேன். ஊட்ல கூட தெரியாது. குவார்ட்டர்ஸ்ல தெரிஞ்சா லூசும்பானுங்க."

அதே ஏற்பிகளில் போய் உட்காரும் மாத்திரை! அவளுக்குக் கண் கலங்கிவிட்டது.

"பஸ்ல ஜன்னல் வழியா துண்டு போட்டு சீட் பிடிப்பாங்கல்ல, அந்த மாதிரி சார். உங்க மாத்திரை முன்னாடியே இடம் பிடிச்சிருக்கணும். என் மருந்து ஏறிப் பார்த்துட்டு இறங்கிடுச்சு."

"அய்ய, நான்தான் கெடுத்தனா? நாளைலேந்து நிறுத்திடறேன். இன்னொரு தபா எடுங்க."

"நிறுத்துனீங்க, எனக்குக் கெட்ட கோபம் வரும்! படிவத்துல மட்டும் உண்மைய எழுதிக் குடுங்க. உங்க பேர் எங்கயும் வராது."

எழுதிக் கொடுத்தார். பேரை மறைத்து அதை மேசைமேல் வைத்து, மணவாளனிடம் மல்லுக்கட்டி, இன்னொரு ஸ்கேனுக்கு அனுமதி வாங்கினாள். வெள்ளிக்கிழமை, மாத்திரையே சாப்பிடாத எழிலரசி என்ற தன்னார்வலருக்கு மருந்தைப் போட்டார்கள். மூளையின் மேற்பகுதி முழுக்கப் பளபளவென்று தெரிந்தது. மணவாளன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தார். மூடும் பேச்சை அதன்பின் அவர் எடுக்கவில்லை.

யுவராணி உடனே பாஸ்கரனைக் கூப்பிட்டாள். "மருந்து ஜெயிச்சிடுச்சு சார்! இடம் இல்லாதப்ப அது வேற எங்கயும் ஒட்டாதுன்னு உங்க படம்தான் சாட்சி."

"மேடம், நான் துன்றது சும்மா வயித்துக்குத்தான் போவுதுன்னு நெனச்சேன். நெசமாவே மண்டைக்குள்ள போய் குந்திகினு கீதா?"

"ஒரு சீட்கூட காலி இல்ல சார்."

"அப்போ அந்தச் சாம்பல் படத்த எனக்கு ஒண்ணு குடுங்க மேடம். ஊட்ல காட்டணும்."