ஏழாம் இலக்க முழங்கால்

ஏழாம் இலக்க உறை முதல் நூற்றுத் தொண்ணூற்றிரண்டு மணி நேரம் நேசமலர் ரீச்சரின் காலில் இருந்தது. அதற்குப் பிறகு இல்லை. இது எனக்குத் தெரிந்து ஐந்து நாட்கள் ஆகியிருந்தன. நான் யாரிடமும் சொல்லவில்லை.

உறை என்பது முழங்காலுக்கு மாட்டும் இறுக்கமான துணிதான். ஆனால் அதற்குள் மெல்லிய உணரி இழைகள் ஓடுகின்றன. கால் எவ்வளவு மடங்குகிறது, எவ்வளவு வீங்கியிருக்கிறது என்று பார்த்து, உறை தானாகவே இறுகும், தளரும். ஓரத்தில் தைத்திருக்கும் சிறு பெட்டி எல்லாவற்றையும் கொட்டாஞ்சேனையில் இருக்கும் எங்கள் அலுவலகத்துக்கு அனுப்பிவிடும். கீழே விழுந்து முழங்காலில் அடிபட்ட பன்னிரண்டு பேருக்கு இருபத்தொரு நாட்கள் கொடுத்துச் சோதிக்கிறோம். வரும் எண்களைப் பார்ப்பது என் வேலை. எண்கள் பதில் கேட்பதில்லை என்பதால் எனக்கு அந்த வேலை பிடிக்கும்.

நேசமலர் ரீச்சர் ஓய்வுபெற்ற கணித ஆசிரியை. வெள்ளவத்தைச் சந்தைப் படியில் வழுக்கியவர். எட்டு நாட்கள் அவருடைய வரைபடம் ஒரு ஒழுங்கும் இல்லாமல் இருந்தது. ஒன்பதாம் நாள் அதிகாலையிலிருந்து திடீரென்று பள்ளிக்கூட நேரசூசி போல ஒழுங்காகிவிட்டது.

"பாத்தீங்களா ரூபிகா?" என்று அசோக்குமார் அண்ணா திரையைத் தட்டினார். அவர்தான் எங்கள் பொறுப்பாளர். "ஒரு நாளைக்கு அஞ்சு தடவ பயிற்சி. ஒரு நாளும் பிந்தல. டீச்சர்னா டீச்சர்தான். முதல் ஸ்லைடே இவங்கதான்."

"முழங்கால் சுற்றளவு ஒரே இரவில மூண்டு சென்ரிமீற்றர் கூடியிருக்கு அண்ணா."

"அது சென்சர் பிழை. விடுங்க."

விட்டேன். ஆனால் கண் அந்த மடிப்புகளிலேயே நின்றது. ஐந்து மணிக்குச் சற்று முன்பு ஆழமாக இரண்டு. மதியம் பன்னிரண்டேகாலுக்கு நான்கு. மூன்றரைக்கு நான்கு. பொழுது பட்டதும் மூன்று. ஏழரைக்கு நான்கு. பல்கலைக்கழக விடுதியில் மூன்று வருடங்கள் மஸாஹிராவும் நானும் ஒரே அறை. அவள் தொழும்போது நான் கதவைச் சாத்திவிட்டுச் சத்தமில்லாமல் இருப்பேன். எண்ண வேண்டும் என்று நினைத்து எண்ணியதில்லை. ஆனாலும் ஐந்து வேளைத் தொழுகையின் அந்தக் கணக்கு எனக்குப் பாடம்.

நேசமலர் ரீச்சரோ, வெள்ளிக்கிழமைகளில் கோயிலுக்குப் போவதால் அளவெடுக்க அன்று வரக்கூடாது என்று முதல் நாளே சொன்னவர்.

வீக்கத்தைப் பார்க்காமல் இருந்திருந்தால் நான் சிரித்துவிட்டு இருந்திருப்பேன். உறை ரீச்சரின் மெல்லிய காலுக்கு அளவு வைக்கப்பட்டது. வேறொரு பருத்த காலை அது வீங்கிய கால் என்றே நினைக்கும். நினைத்து, இறுக்கிக்கொண்டே இருக்கும். யாரோ ஒருவருடைய முழங்கால் ஒவ்வொரு நாளும் மோசமாகிக்கொண்டிருந்தது.

பதினைந்தாம் நாள், உறையைப் பார்க்க வேண்டும் என்று சொல்லி இரண்டு பஸ் மாறி வெள்ளவத்தைக்குப் போனேன். தொடர்மாடியின் லிப்டில் 'வேலை செய்யாது' என்று எழுதி ஒட்டியிருந்தது. நான்காம் மாடிவரை படியேறினேன். மணியடித்ததும் ரீச்சர் இரண்டே எட்டில் வந்து கதவைத் திறந்தார். காலில் உறை இல்லை.

"வாரும் பிள்ளை. வேர்த்து ஒழுகுது. தண்ணி குடியும்."

"உறை எங்க ரீச்சர்?"

"கழுவிப் பின்பக்கம் காயப்போட்டிருக்கு."

நான் போனைப் பார்த்தேன். உறைக்குள் தோலின் வெப்பம் முப்பத்து நான்கு பாகை. மடிப்பு, நீட்டல், மடிப்பு, நீட்டல். காயப்போட்ட உறை படியேறிக்கொண்டிருந்தது.

"என்ன பாக்கிறீர்?"

"அது நடக்குது ரீச்சர்."

"எது?"

"உறை." மடிப்பு நின்றது. "இப்ப நிக்குது."

வாசல் மணி அடித்தது.

ரீச்சர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். முப்பது வருடம் மற்றவர்களின் பிழைகளுக்குச் சிவப்புக் கோடு போட்டவர், தன் பிழை பிடிபட்டால் என்ன செய்வதென்று தெரியாமல் நின்றார். பிறகு போய்க் கதவைத் திறந்தார்.

கையில் பெட்டிஸ் தட்டோடு அறுபது வயது மதிக்கத்தக்க ஒரு பெண்மணி சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றார். கீழ் வீட்டு நளீபா.

"சூடா ஈக்கு, சாப்பிடுங்க நேசம். ஆ, ஆளு வந்து ஈக்கா?"

"உள்ள வா. கம்பனிப் பிள்ளை வந்திருக்கு. பிடிபட்டுப் போனம்."

"யா அல்லாஹ்! நீங்கதானே சென்னீங்க, ஒருத்தருக்கும் வெளங்காது எண்டு?"

"எனக்கு எட்டு நாளில சுகம் வந்திட்டுது பிள்ளை," ரீச்சர் என் பக்கம் திரும்பினார். "இவ நொண்டிக்கொண்டு திரியிறா. அது என்ர மேசை லாச்சிக்குள்ள சும்மா கிடக்குது. நான் என்ன செய்யிறது?"

மிச்சத்தை நளீபா சொன்னார். வரும் வியாழக்கிழமை மகள் ரிஸ்லாவோடு மக்காவுக்கு உம்ரா யாத்திரை போகிறார். போன வருடம் அவருக்கு டெங்கு வந்ததால் பயணம் தள்ளிப்போனது. அதற்கு முதல் வருடம் மகளுக்கு வங்கியில் லீவு கிடைக்கவில்லை. முழங்கால் நோகிறது என்று தெரிந்தால் ரிஸ்லா மூன்றாம் தடவையும் தள்ளிவைப்பாள்.

"அவ என்ட புள்ள, எனக்குத் தெரியும். கட்டிலை விட்டு எறங்கவும் உட மாட்டா. வியாழன் வரைக்கும் சமாளிச்சாப் போதும்."

நான் போனை நீட்டினேன். பேசுவதைவிட அது சுலபம். நளீபா வரைபடத்தைக் கண்ணுக்குக் கிட்டப் பிடித்தார்.

"இது என்னத்த புள்ள, மலை மலையா?" என்றவர் சட்டென்று நிமிர்ந்தார். "இது ஸுபஹு. இது லுஹர். நேசம், இங்க பாருங்க, மஃரிப் மூணும் சரியா ஈக்கு!" விரல் ஓரிடத்தில் நின்றது. "இங்க அஸர் பிந்திட்டு. அண்டைக்கு இறைச்சிக் கடையில கியூ."

"அதையும் அது எழுதி வச்சிருக்குதோ?" என்று ரீச்சர் எட்டிப் பார்த்தார்.

இருவரும் சிரித்தார்கள். எனக்கும் சிரிப்பு வந்தது. ஆனால் அந்த மலைகளுக்குக் கீழே ஒரு சிவப்புக் கோடு ஏறிக்கொண்டிருந்தது. அதை அவர்கள் பார்க்கவில்லை.

"இது வீக்கம்," என்றேன். குரல் எதிர்பார்த்ததைவிடச் சின்னதாக வந்தது. "ஒவ்வொரு முறையும் முழங்கால் ஊண்டினாப் பிறகு கூடுது. இரவில இறங்கிறதும் இல்லை. வியாழனுக்கு முதலே நீங்கள் நடக்க ஏலாமப் போகலாம்."

நளீபா கதிரையில் உட்கார்ந்து பெட்டிஸ் தட்டை மடியில் வைத்தார். அபாயாவை முழங்கால்வரை உயர்த்தினார். நான் தரையில் உட்கார்ந்து உறையைக் கீழே உருட்டினேன். பாதிவரைதான் வந்தது. துணியின் நெசவு தோலில் அப்படியே பதிந்திருந்தது.

"கதிரையில இருந்து தொழலாம்தானே அன்ரி? என்ர சிநேகிதிக்குக் கால் முறிஞ்ச நேரம் அப்பிடித்தான் தொழுதவ."

"தொழலாம் புள்ள. எனக்குத் தெரியாதா? ஆனா ஸுபஹும் இஷாவும் ரிஸ்லா எனக்குப் பக்கத்துல நிண்டு தொழுறா. கதிரையைக் கண்டா உடனே கேப்பா."

நான் அசோக்குமார் அண்ணாவுக்கு ஒரு வரி அனுப்பினேன்: 'இலக்கம் ஏழு: ஒன்பதாம் நாளிலிருந்து வேறொருவருடைய கால்.' பன்னிரண்டு பேரில் ஒருவர் குறைந்தாலும் சோதனையை மறுபடி தொடங்க வேண்டும் என்று அதை மேற்பார்க்கும் டொக்டர் சொல்லியிருந்தார். உடனே பதில் வந்தது: 'வேற காலா? யாரோட கால்? ஸ்லைட் முடிச்சிட்டேனே!' போனைக் கவிழ்த்து வைத்தேன்.

"உம்மா!" என்று படிக்கட்டிலிருந்து சத்தம் கேட்டது. "போனை ஊட்டுல வெச்சிட்டு எங்க போன நீங்க? டிராவல்ஸ்காரர் நாலு தரம் கோல் எடுத்துட்டார்."

கதவு திறந்தே இருந்தது. ரிஸ்லா உள்ளே வந்தபோது நான் தரையில் இருந்தேன், அவளுடைய உம்மாவின் கால் என் மடியில் இருந்தது, உறை பாதி இறங்கியிருந்தது. அவளுக்கு என் வயதுதான் இருக்கும்.

"இது என்ன?"

"என்ர உறை," ரீச்சர் முந்திக்கொண்டார். "கம்பனி தந்தது. அளவு எப்பிடி எண்டு உம்மா சும்மா போட்டுப் பாக்கிறா."

"சும்மா போட்டா இப்பிடித் தழும்பு வருமா ரீச்சர்?" ரிஸ்லா குனிந்தாள். பிறகு என்னைப் பார்த்தாள். "நீங்க சொல்லுங்க. இவங்கட காலுக்கு என்ன?"

ஓம், சும்மாதான் என்று சொல்லியிருக்கலாம். இரண்டே சொல். நான் நளீபாவை நிமிர்ந்து பார்த்தேன். அவர் என்னைப் பார்த்தார். பெட்டிஸ் தட்டு இன்னும் அவர் மடியில்தான் இருந்தது. அதை எடுத்துப் பக்கத்து மேசையில் வைத்தார்.

"நீ மொதல்ல இரி."

"நான் நிக்கிறேன். சொல்லுங்க."

"டிக்கெட்ட மாத்த மாட்டேன் எண்டு சொல்லு."

"உம்மா!"

"சொல்லு புள்ள."

ரிஸ்லா தன் கையில் இருந்த போனைப் பார்த்தாள், உறையைப் பார்த்தாள். "சரி, மாத்த மாட்டேன்."

"அந்த டிராவல்ஸ்காரருக்கு எடுத்து அங்க எனக்கு ஒரு வீல்செயார் சொல்லு," என்றார் நளீபா. "எட்டு மாசமா முழங்கால் நோகுது, எனக்கு நடக்க ஏலாது."