இருபதாயிரம் பவுண் மாப்பிள்ளை

ஹெல்மெட் பட்டியைக்கூடப் பூட்டாமல் நவமணி ஸ்கூட்டியை முறுக்கினாள். கொடிகாமம் சந்தை வாசலில் மரக்கறி மூடைகளோடு குறுக்கே வந்த லாண்ட்மாஸ்டர் உழவு இயந்திரக்காரன், "அக்கோய், சாகப்போறியளோ!" என்று கத்தினான்.

"அதுக்கும் நேரமில்லை!"

மணி பத்து ஐந்து. பத்தரைக்குப் புத்தூரில் கதிரவேலு தன் ஆறு பரப்புத் தோட்டக்காணியை மாப்பிள்ளையின் தகப்பன் பெயருக்கு எழுதிக் கையெழுத்து வைக்கப்போகிறார். அந்தச் செம்மண்ணும் அதிலுள்ள கிணறும்தான் அவருக்குச் சோறு போடுகின்றன. வேறு ஒன்றுமில்லை. பதினொன்றுக்கு மகள் தயாளினிக்கும் லண்டன் மாப்பிள்ளை கோகுலனுக்கும் கலியாண எழுத்து. இந்தச் சம்பந்தத்தைப் பொருத்தியவள் நவமணி. அதை நிறுத்த ஓடுகிறவளும் அவளேதான். கைப்பைக்குள் சற்றுமுன் கடையில் அச்செடுத்த ஒரு தாள் இருந்தது.

கதிரவேலுவுக்கு ஏழு தரம் அடித்துப் பார்த்துவிட்டாள். நல்ல காரியம் நடக்கும்போது போனை அணைத்து வையுங்கள் என்று முதல்நாள் சொல்லிவைத்ததும் அவள்தான். வாயைக் கொடுத்துக் கெட்டாள்.

கூட்டுறவுச் சங்கக்கடை முகாமையாளராக இருந்து ஓய்வு பெற்றபின் கலியாணத் தரகில் இறங்கியவள் நவமணி. எதையும் பட்டியலில் பார்த்தால்தான் நம்புவாள். மற்றத் தரகர்கள் மாப்பிள்ளையின் சாதகத்தைப் பார்த்தார்கள். இவள் பிரிட்டிஷ் தேர்தல் ஆணைக்குழுவின் இணையப் பக்கத்தைப் பார்த்தாள். அந்த நாட்டில் யாரும் ஒரு கட்சிக்குப் பெருந்தொகை கொடுத்தால் பெயரையும் தொகையையும் அதில் போட்டுவிடுவார்கள். நம் கோயில் ஒலிபெருக்கியில் உபயகாரர் பெயர் வாசிப்பது போலத்தான், சத்தம் மட்டும் கிடையாது.

கொடுத்த கட்சியை வைத்தே ஆளை அளந்துவிடுவாள். கன்சர்வேட்டிவ் என்றால் வரியைக் குறை, அரசாங்கம் கையை எடு என்கிற கட்சி. பெரிய முதலாளிகளின் காசோலையில் ஓடுவது. அப்படியானால் மாப்பிள்ளைக்குச் சொந்த வீடும் கடையும் இருக்கும். லேபர் என்றால் வரி எடுத்து ஆஸ்பத்திரியும் பள்ளிக்கூடமும் நடத்து என்கிற கட்சி. அதற்குத் தொழிற்சங்கங்கள் சந்தா சேர்த்துக் கொடுக்கும். இப்போது பணக்காரரும் கொடுக்கிறார்கள். மாப்பிள்ளைக்குப் பென்ஷன் நிச்சயம். சீதனம் போக மாப்பிள்ளை வீட்டுக்கென்று தனியாக வாங்கும் டொனேசனைக் கேட்க அவருக்கு வெட்கம், தாய்தான் கேட்பா. பசுமைக் கட்சிக்காரன் பெண்ணைச் சைக்கிளில் கூட்டிப் போவான், அவனைச் சொல்லி வேலையில்லை. வெளிநாட்டாரை உள்ளே விடாதே என்கிற கட்சிக்குக்கூட நம்மவர் கொடுக்கிறார்கள். பாஸ்போட் கிடைத்து இரண்டு கிழமை ஆனவர்கள்.

கோகுலன் கன்சர்வேட்டிவுக்கு இருபதாயிரம் பவுண். மூன்று மாதத்துக்கு முன் போனில் அந்த வரியைப் பெருப்பித்துக் கதிரவேலுவுக்குக் காட்டியிருந்தாள். மூன்று பரப்புக் கேட்டிருந்த மாப்பிள்ளை வீடு அன்றே ஆறு பரப்புக்கு ஏறிவிட்டது.

புத்தூர் வீட்டுக்குள் அவள் செருப்போடு ஓடினாள். கூடத்தில் காணி எழுத வந்த நொத்தாரிசு உறுதிப் பத்திரத்தை விரித்திருந்தார். கதிரவேலுவின் கையில் பேனை.

"பேனையை வையுங்கோ, கதிரவேலண்ணை!"

மாப்பிள்ளையின் தகப்பன் தேவராஜா கதிரையில் சாய்ந்தபடி சிரித்தார். "வாங்கோ நவமணி. இருந்து தேத்தண்ணி குடியுங்கோ."

"தேத்தண்ணி பிறகு. உங்கடை மகன் கட்சிக்குக் குடுத்த காசைப் பற்றிக் கதைக்கோணும்."

"கதையுங்கோவன். இருபதாயிரம்! சும்மாவே?"

"அதை ஏன் குடுத்தவர் மாமா?" என்று தயாளினி அறை வாசலிலிருந்து கேட்டாள். பிரதேச செயலகத்தில் எழுதுவினைஞர் அவள். கேள்வி கேட்டுப் பழகிய குரல்.

"கொள்கை பிள்ளை, கொள்கை! ஆரும் ஆரிட்டையும் கைநீட்டக்கூடாது, அவனவன் தன்ரை உழைப்பிலை நிக்கோணும். அதுதான் உந்தக் கட்சி."

"அப்ப எங்கடை காணி?"

"அது டொனேசன்."

நொத்தாரிசு இருமினார். தேவராஜா நவமணியின் முகத்தைப் பார்த்துச் சற்று இறங்கினார். "கட்சி பிடிக்கேல்லை எண்டால் சொல்லுங்கோ. தம்பி லேபருக்கு மாறுவான். உழைக்கிற சனத்தின்ரை கட்சி. சம்பந்திக்கும் பொருத்தம்."

"லேபர் எண்டால் உள்ளவனிட்டை எடுத்து இல்லாதவனுக்குக் குடுக்கிறது," என்றாள் நவமணி. "காணியை விட்டிடுவியளோ?"

தேவராஜா யோசித்தார். "லிபரல் டெமோகிராட் எண்டு நடுவிலை ஒண்டு நிக்குதாம். மூண்டு பரப்பு. சரியோ?"

பக்கத்தில் கோகுலன் பட்டு வேட்டியின் கரையைத் திருகிக்கொண்டு நிலத்தைப் பார்த்திருந்தான்.

கதிரவேலு பொறுமையிழந்தார். "நவமணி, தம்பியின்ரை பேர் பட்டியலிலை இருக்கோ, இல்லையோ?"

"இருக்கு அண்ணை."

"தொகை?"

"அதுவும் இருக்கு."

"பிறகென்ன!" பேனை மறுபடி உறுதியை நோக்கி இறங்கியது.

நவமணி தாளைத் தயாளினியிடம் நீட்டினாள். "நீ வாசி பிள்ளை, வலப்பக்கக் கரையை. போனிலை அந்தப் பக்கம் வெட்டுப்பட்டுப் போச்சு. நான் பார்க்கேல்லை. பிழை என்ரைதான்."

தயாளினி ஒருமுறை மனதுக்குள் படித்தாள். பிறகு தமிழில் உரக்கச் சொன்னாள். "ஏற்கப்படவில்லை. திருப்பி அனுப்பப்பட்டது. காரணம், கொடுத்தவர் வாக்காளர் இடாப்பில் இல்லை."

"பதிய மறந்திருப்பான்," என்றார் தேவராஜா.

"பன்னிரண்டு வருஷம் லண்டனிலை இருந்துமோ?" நவமணி விடவில்லை. "நாங்கள் கொமன்வெல்த் நாடு, அங்கை முறையான விசாவோடை இருக்கிற எங்கடை ஆக்களும் பதியலாம். பதிஞ்சவை குடுக்கலாம்."

தயாளினி கோகுலனுக்கு முன்னால் வந்து நின்றாள். "உது ஆற்றை காசு?"

கோகுலன் வேட்டிக் கரையைக் கைவிட்டான். "முதலாளியின்ரை. நான் பெற்றோல் செட்டிலை காசு வாங்கி மிச்சம் குடுக்கிறவன். தன்ரை பேர் வெளியிலை வரக்கூடாதெண்டு என்ரை எக்கவுண்டிலை போட்டு அனுப்புவிச்சவர். கட்சிக்காரர் விசாரிச்சுப்போட்டுத் திருப்பிவிட்டினம். முதலாளி காசை எடுத்துக்கொண்டு என்னைத் தெரியாது எண்டிட்டார்."

"அப்ப அந்தக் கட்சியின்ரை கொள்கை?"

"எனக்கு வோட்டே இல்லை. கொள்கையை வைச்சு என்ன செய்ய?"

கதிரவேலு பேனையை மூடி நொத்தாரிசின் சட்டைப் பையிலேயே செருகிவிட்டார். நொத்தாரிசு பெருமூச்சோடு உறுதியை மடித்தார். நவமணிக்குத் தரகுக்காசு போனது போனதுதான். ஆனாலும் மூச்சு இப்போதுதான் ஒழுங்காக வந்தது.

தேவராஜா எழுந்துவிட்டார். "சம்பந்தி, உது சின்னப் பிழை! தம்பி வாற கிழமை லண்டன் போனவுடனை எல்லாம் நேராக்குவான். என்ன தம்பி, சொல்லன்!"

கோகுலன் தகப்பனை முதல்முறையாக நிமிர்ந்து பார்த்தான்.

"போறதில்லை அப்பா. நான் லீவிலை வரேல்லை. டிக்கெட் எடுத்ததும் நானில்லை. விசா இல்லையெண்டு பிரிட்டிஷ் அரசாங்கம் எடுத்து, காவலுக்கு ரெண்டு பேரையும் விட்டு, கட்டுநாயக்கா எயார்போட் வரைக்கும் கொண்டுவந்து இறக்கினது."